மணம் சேர்க்காத வாயு

எல்லா வால்வுகளையும் மூடிய பிறகும் அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. சீராக இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கும், நிற்கும், மறுபடி கொஞ்சம் இறங்கும். உப்புப் பாறையில் குடைந்த குகைக்குள், குளிர்காலத்துக்கென்று பூமிக்கடியில் அடைத்து வைத்திருந்த எரிவாயுவை யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போலிருந்தது. ஆபரேட்டர் மானியையே மாற்றிப் பார்த்தான். புதியதும் அதே கூத்தைத்தான் ஆடியது.

மேலாளருக்குப் போன் போட்டான்.

"கேஸ் கிணத்துக்கிட்ட டிடெக்டர் கத்துச்சா?"

"இல்ல சார். ஆனா வேற வழியா மேல வந்தா? குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு டிடெக்டர்கூட இல்லையே! எத்தன தடவதான் கேக்கறது?"

"ஆரம்பிச்சிட்டியா? காலைல ஆள அனுப்பறேன்யா."

போனை வைத்துவிட்டார். அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அவருடைய பெண்டாட்டி பிள்ளையா அந்தக் குகைக்கு மேலே குடியிருக்கிறார்கள்? ஊருக்கு அனுப்பும்போதுதான் வாயுவில் நாற்ற மருந்தைக் கலப்பார்கள். கீழே கிடப்பதற்கு மணமே கிடையாது. வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போன் செய்தான்.

"பாப்பா மத்தியானத்துலேர்ந்து எழுந்திரிக்கவே இல்லீங்க," என்றாள் மனைவி. நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பேசினாள்.

"எதையும் பத்த வைக்காத. சுவிட்சக்கூடத் தொடாத. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு!"

"நீங்க வாங்களேன்."

"சொல்றதக் கேட்டுத் தொலையேன்டி!"

நீளமாக ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. வாயுக் கசிவைக் காட்டும் கைக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் தெருவில் டிவி சத்தமோ நாய்க் குரைப்போ இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் மட்டும் உலை வைத்தது போலத் தீயில்லாமலே தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, ஈர மண்ணின் வாசனையைத் தவிர வேறெதுவும் ஏறாத அந்தக் காற்றை நெஞ்சு வலிக்க இழுத்து இழுத்து ஓடினான். ஒரு வீட்டிலும் விளக்கில்லை. கத்திப் பார்த்தான். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கதவு திறந்து கிடந்தது. கருவி அலறியது. உள்ளே கும்மிருட்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தான். எதுவோ தடுக்கியது. குனிந்து தடவினான்.

கை. மனைவியின் கை. அதன் அணைப்பில் பாப்பா.

இரண்டு பேரும் ஜில்லென்றிருந்தார்கள். விரல்கள் விறைத்திருந்தன. மத்தியானமே விறைத்துப்போன விரல்கள்.

அப்படியானால் போனில்...

சமையலறைப் பக்கமிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"வந்துட்டீங்களா? இருட்டுல ஏன் நிக்கறீங்க? இருங்க, லைட்டப் போடறேன்."

சுவரில் விரல்கள் சுவிட்சைத் தேடி ஊர்ந்தன.