மூத்தவளின் டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு இளையவள் மாடியிலிருந்து கிளினிக்குக்கு இறங்கி வந்தாள். ஒரு கையில் புது டிஸ்க், இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர். தெருப்பக்கத்து ஷட்டர் இறக்கியிருந்ததால் வரவேற்பறை பட்டப்பகலிலும் இருட்டாகக் கிடந்தது. கிராம்புத் தைல வாசனை எப்போதும் போல மூக்கில் ஏறியது. உள்ளறையில் நர்ஸ் அக்கா பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். லீவு நாளில்தான் அந்த வேலைக்கு அவளுக்கு நேரம் கிடைக்கும். தட்டில் இரும்பு உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

வேலை என்னவோ சின்னதுதான். வரவேற்பறைக் கம்ப்யூட்டருக்குப் போன வாரமே பெட்டி, மதர்போர்டு, மெமரி எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. பாக்கி அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதிலிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்தவள் அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவாள்.

ஆனால் அது மூத்தவளின் டிஸ்க்.

மூத்தவள் என்றால் பல் டாக்டரின் முதல் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இந்த மேஜையில் உட்கார்ந்து, இந்த நாற்காலியைத் தேய்த்து, நோயாளிகளின் பட்டியல் முழுவதையும் ஏற்றி வைத்தது அவள்தான். இளையவளுக்கு அவள் மேல் பொறாமை. அப்படி இப்படிப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் எதிரே நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். செத்துப்போன சக்களத்தியிடம் என்னத்தைக் கேட்பது? அவளுக்கு இனிமேல் வயசும் ஏறாது, கோபமும் வராது, சமையலில் உப்பும் கூடாது.

வாழ வந்த எட்டு மாதத்தில் இளையவள் செய்த காரியத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூத்தவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்மேல் ஏற்றிக்கொண்டாள். முதலில் அந்த வெளிர்நீல கோட்டு. பிறகு பக்கவாட்டில் எடுக்கும் வகிடு. பழைய ஃபோன் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, "வணக்கம், பல் கிளினிக், சொல்லுங்க" என்று கடைசி எழுத்தை லேசாக இழுக்கும் அந்தக் குரல். கையெழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒருநாள் டாக்டர் அவளைப் பார்த்து, "அப்படியே அவளை மாதிரியே இருக்க" என்றார். அவள் பூரித்துப்போனாள். படுக்கப் போகும்போது வயிறு எரிந்தது. அவர் பார்த்தது தன்னையா, அவளையா? அந்த மனுஷன் பக்கத்தில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

காலையில் நயமாகக் கேட்டும் பார்த்தாள். "எல்லாத்தையும் புதுசா போட்டுட்டு, பேஷண்ட் லிஸ்ட்டை மட்டும் எடுத்துக்கலாங்க. சுத்தமா இருக்கும்."

டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேண்டாம்மா. அவ வெச்சிருந்தபடியே மாத்திடு. ஒண்ணையும் அழிச்சிடாத."

அவ. பேர் சொல்லக்கூடத் தேவையில்லை, அந்த வீட்டில் அவ என்றால் ஒருத்திதான். இளையவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சரி, மாற்றுகிறேன், மாற்றி முடித்த கையோடு பழையதைத் துடைத்துவிடுகிறேன், கேட்டால் டிஸ்க் கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதே மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

பெட்டியைத் திறந்து, புது டிஸ்க்கைப் பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டினாள். காப்பி ஓட ஆரம்பித்தது. பழைய டிஸ்க் கடகடவென்று முனகியது. திரையில் ஏறும் சதவீதத்தை அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து, எண்பதைத் தாண்டியபோது கிராம்பு வாசனை நின்றுபோனது. அதன் இடத்தில் ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது. யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது.

அவள் திரும்பவில்லை.

"நர்ஸ் அக்கா?"

"இங்கதான் இருக்கேன் மேடம்." குரல் உள்ளறையிலிருந்துதான் வந்தது. "கூப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லக்கா."

மூத்தவள் என்றால் வாய் நிறைய 'அம்மா'. இவள் வெறும் மேடம். எட்டு மாதமாக அப்படித்தான்.

"அம்மா இருந்தப்ப அந்த மெஷின்ல யாரும் கை வைக்க முடியாது," என்றாள் நர்ஸ் அக்கா, இரும்புச் சத்தத்துக்கு நடுவே. "எல்லாத்துலயும் அப்படித்தான். தன்னோடதுன்னா தன்னோடதுதான். விட்டே கொடுக்க மாட்டாங்க."

இளையவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

சில்லென்று.

நிமிர்ந்து பார்த்தாள். மேல்கூரை காய்ந்துதான் கிடந்தது.

திரையில் நூறு ஆகியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விதி உண்டு. கடைக்கு வந்தவர்களிடம் அவளே ஆயிரம் தடவை ஓதிய விதி. காப்பி முடிந்ததும் மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். ஏனென்றால் ஒன்று விடாமல் காப்பி எடுக்கும்போது டிஸ்க்கின் அடையாள எண்ணும் சேர்ந்தே போய்விடும். ஒரே அடையாளத்தில் இரண்டு இருந்தால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஓரங்கட்டிவிடும். ஓரங்கட்டியது உள்ளேயேதான் இருக்கும், கரண்டும் பாயும், ஆனால் அதைக் கேட்பாரில்லை.

தெரிந்திருந்தும் அவள் பிடுங்கவில்லை. பிடுங்கி வைத்தால் டாக்டர் அதை எடுத்து பீரோவில் பத்திரப்படுத்திவிடுவார். அப்புறம் வருஷக்கணக்கில் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது இப்போதே, தன் கையால் அழிய வேண்டும் என்ற ஆத்திரத்தில், மெஷின் புதியதில் ஓடத் தொடங்கியதும் பழையதைத் துடைத்துவிடலாம் என்று இரண்டையும் மாட்டியபடியே ஆன் செய்தாள்.

கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்தது. அவள் கீபோர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோவதற்குள், கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது.

இரண்டு.

மூன்று.

அவசரமில்லாமல், பழகிய கை தட்டுவது போல எட்டுப் புள்ளிகள். திறந்துகொண்டது.

டிஸ்க் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மெஷின் பழைய டிஸ்க்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்ததன் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புக் குறி. ஆஃப்லைன். ஓரங்கட்டியாகிவிட்டது.

இதெல்லாம் வழக்கம்தான், கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். விரல் கேபிளைத் தொட்டது.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

யாரோ உட்காரும் சத்தம்.

நல்லவேளையாக மாடிப்படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடிஞ்சுதுங்க."

சொன்னது அவள் இல்லை. குரல் மட்டும் அவளுடையது. அது நாற்காலியிலிருந்து வந்தது.

டாக்டர் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் எட்டு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தாள். ஒருநாள்கூட அது அவளுக்குக் கிடைத்ததில்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமைதான்.

"என்னங்க, நான் இங்க இருக்கேன்." அவள் ஓடிப்போய் அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். ஈ உட்கார்ந்தது போல அவர் அந்த இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கு உனக்கு. போதும், மேல வா."

அவளைத் தாண்டிக் கையை நீட்டினார். நாற்காலி மெல்லத் திரும்பி அவர் பக்கம் நின்றது. அதில் யாரும் இல்லை. ஆனால் அவர் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது.

நர்ஸ் அக்கா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இளையவள் பாய்ந்து அவள் கையைப் பற்றினாள். நர்ஸ் அக்கா உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு படிப்பக்கம் முகத்தைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, நான் கிளம்பறேன். விளக்கை அணைச்சிடறேன்."

"சரிக்கா. பாத்துப் போங்க," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

"அது நான் இல்லக்கா," என்று இளையவள் அவள் முகத்துக்கு நேராகக் கத்தினாள். விளக்கு அணைந்தது. பின்கதவு பூட்டப்பட்டது.

தடவித் தடவிப் படியேறினாள். மேலே கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள்.

"யாரோ தட்டற மாதிரி இல்ல?" டாக்டரின் குரல்.

"காத்துங்க. நீங்க உக்காருங்க, வரேன்."

காலடிச் சத்தம் கதவை நெருங்கி நின்றது. மரத்தின் மறுபக்கத்தில், அவள் காதுக்கு நேரே, ஈரக் கூந்தல் உரசியது.

"எட்டு மாசம் விட்டுக்கொடுத்தேன்," என்றது குரல், அவருக்குக் கேட்காத அளவுக்கு. "போதும்."

காலடி திரும்பிப் போனது. சற்று நேரத்தில், மேஜையில் இரண்டு தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது.