கதவிடம் சொன்ன சொல்

"எல்லாரும் உள்ள வந்தாச்சுன்னு இந்தக் கதவுக்கு எப்படிம்மா தெரியும்?"

அமலி இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. காப்பரணின் இரும்புக் கதவுக்கு முன்னால், முதுகில் சின்னப் பையோடு நின்றுகொண்டு கேட்டாள். தெக்லா அவசரத்தில் இருந்தாள். "நாம சொல்லுவோம்லா, அதான் தெரியும்" என்றாள். "நாம பொய் சொன்னா?" என்றது பிள்ளை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தெக்லாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் இப்போது அவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குத் தூத்துக்குடி முழுக்கச் சங்கு ஊதும். ஒத்திகைச் சங்கு. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வாசலில் மாட்டியிருக்கும் புறப்பாட்டுப் பையில் மூன்று நாள் தண்ணீர், அவல், மருந்து, விளக்கு, உறையிட்ட பத்திரங்கள் எல்லாம் இருக்கும். தெக்லா அதில் ஒரு ஜெபமாலையும் வைத்திருந்தாள். மின்தூக்கி சங்கோடு நின்றுவிடும். எல்லோரும் படியிறங்கித் தெருக்கோடியிலுள்ள காப்பரணுக்குப் போவார்கள். கடல் இரண்டு தெருக்களை விழுங்கிய பிறகு, மீதித் தெருக்களுக்கெல்லாம் ஒவ்வொரு காப்பரண் கட்டியிருந்தார்கள். முந்நூறு பேர் தங்கலாம். கதவு ஒருமுறை மூடிவிட்டால், வெளியே நீர் வடியும்வரை திறக்காது.

இப்போதெல்லாம் தெக்லா மட்டும் சங்கு ஊதியதும் கீழே இறங்குவதில்லை. முதலில் மேலே ஏறுவாள். அவள் வீடு தரைக்கு மேல் முதல் தளம். அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்காம் தளம்வரை ஏறி, மாடத்தியின் கதவை மும்முறை தட்டுவாள். மாடத்தி கிளம்பித் தயாராகத்தான் நிற்பாள். "நான்தான் இறங்கி வந்திருவேன்லா, ஏன் பிள்ளையையும் இழுத்துக்கிட்டு ஏறி வார?" என்பாள். தெக்லா அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் காலுக்கு ஏற்ற வேகத்தில் கூடவே இறங்குவாள்.

தரைத்தளத்துச் சூசை மாமா இதைப் பார்த்துவிட்டு, "ஊருலயே ஒழுங்கா சாட்சி பாக்கது நம்ம தெக்லா ஒருத்திதான்" என்று எல்லோரிடமும் சொல்வார். ஊரும் அவளை அப்படித்தான் நம்பியது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

கதவுக்கு எப்படித் தெரியும் என்று அமலி கேட்டதற்குச் சரியான பதில் இதுதான். முன்பு காப்பரண்களில் கண்கள் இருந்தன. முகம் பார்த்து, ஆள் எண்ணி, தாமாகவே மூடிக்கொள்ளும் கதவுகள். ஒரு புயல் நாளில் யாரோ விஷமிகள் கதவுகளை இயக்கும் கணினி வலைக்குள் புகுந்து, எல்லோரும் உள்ளே வந்துவிட்டதாக எல்லாக் கதவுகளையும் நம்பவைத்தார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. பாதி ஊர் வெளியே நின்றது. அதற்குப் பிறகு நகரம் இயந்திரத்தின் கண்களைப் பிடுங்கிவிட்டு, மனிதர்களின் வாயை நம்ப முடிவு செய்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாட்சி வீடு. சங்கு ஊதினால், தனக்கு ஒதுக்கிய வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இருப்பவர்கள் கிளம்பிவிட்டார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு காப்பரண் வாசலில் உள்ள தகட்டில் கையை வைத்து "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். எல்லா வீடுகளுக்கும் அந்தச் சொல் வந்த பிறகே கதவு மூடும். ஒரு சொல் குறைந்தாலும் மூடாது. தேடுபடகு அந்த வீட்டுக்குப் போகும். அந்தச் சொல் உண்மைதானா என்று சரிபார்க்க எந்தக் கருவியும் இல்லை. வேண்டாம் என்றுதான் வைக்கவில்லை.

மாடத்திக்குச் சாட்சி தெக்லா.

மாடத்தி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு வேலை பார்ப்பவள். காலையில் வந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் சாயங்காலம்வரை தூங்குவாள். ஒத்திகை நாளில் மட்டும் தூங்காமல் காத்திருந்து, சங்கு ஊதியதும் தானே இறங்கி வந்துவிடுவாள். ஒத்திகை எந்த நாள், எந்த மணி என்று எல்லோருக்கும் தெரியுமே. அதனால் அப்போதெல்லாம் தெக்லா மேலே ஏறியதே இல்லை. அவள் மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை. வாசலில் தகட்டைத் தொட்டு, போகிற போக்கில் "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். பதினோரு ஒத்திகைகள் அப்படிப் போயின. பொய் சொல்லப் பழகுவதற்காக நகரமே மாதம் ஒரு நாள் ஒதுக்கியதுபோல ஆகிவிட்டது.

போன ஐப்பசியில், வடக்கே போய்க்கொண்டிருந்த புயல் ஒன்று மதியம் திசை மாறியது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. அது ஒத்திகை இல்லை. தெக்லா பையை எடுத்தாள், பிள்ளையை எடுத்தாள். படிக்கட்டின் அடியில் ஒரு கணம் நின்று மேலே பார்த்தாள். அந்தக் கணத்தை அவள் பிறகு எத்தனையோ முறை திரும்ப வாழ்ந்துவிட்டாள். ஏறி இறங்க நான்கு நிமிடம் ஆகியிருக்கும். மாடத்தி இறங்கியிருப்பாள் என்று நினைத்தாளா? இல்லை. அவள் எதையுமே நினைக்கவில்லை. வாசலில் தகட்டைத் தொட்டதும் வாய் தானாகச் சொன்னது: "பார்த்தேன்."

கதவு மூடியது. தேடுபடகு புறப்படவில்லை.

நான்காம் தளத்துக்கு நீர் ஏறாது. ஆனால் காற்று ஏறும். மாடத்தி விழித்தபோது ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து அவள் வலது காலின்மேல் கிடந்தது. பதினோரு மணிநேரம் அப்படியே மழையில் கிடந்தாள்.

நீர் வடிந்த மூன்றாம் நாள் வார்டு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. தெக்லா தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாடத்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலில் கட்டு, உதட்டில் வெடிப்பு. சாட்சி வீட்டிலிருந்து யாராவது வந்து தட்டினார்களா என்று அதிகாரி கேட்டார். மாடத்தி தெக்லாவைப் பார்த்தாள். பிறகு தோளில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"தட்டுனா சார். நல்லா தட்டுனா. நாந்தான் எந்திரிக்கல."

"சத்தம் கேட்டும் எழுந்திரிக்கலையா?"

"கேட்டுச்சு. 'இந்தா கிளம்பிட்டேன், நீ போ'ன்னு அவகிட்ட சொல்லிட்டு, ஒத்திகைன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். தூக்கம் அப்படி."

அதிகாரி எழுதிக்கொண்டார். தெக்லாவிடம் "சரிதானே?" என்று கேட்டார். தெக்லா தலையசைத்தாள். வாயால் சொல்லவில்லை. அதையே ஒரு நேர்மைபோல அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

சங்கை மதியாதவர் என்று மாடத்தியின் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை கட்டினார்கள். இரண்டு வருடம். பட்டை கட்டியவர்கள் முந்நூறு பேரும் உள்ளே போகும்வரை வெளியே நின்று கடைசியாகத்தான் நுழைய வேண்டும். பொய்ச் சொல் சொன்னவருக்கு இதைவிடக் கடுமை. மூன்று வருடம் அவர் கடைசியாகத்தான் நுழைய வேண்டும், அவருடைய சொல்லும் எங்கேயும் செல்லாது. பெயர் காப்பரண் கதவின் பலகையில் எழுதப்படும். மாடத்தி எதிலிருந்து அவளைக் காப்பாற்றினாள் என்பது தெக்லாவுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த மாத ஒத்திகையின்போது தூறல் விழுந்தது. தெக்லா வழக்கம்போல மாடத்தியை வாசல்வரை கூட்டிவந்தாள். அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே அவளை விட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தாள். மாடத்தி சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். நனைந்த சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள்.

"என்ன கும்பகர்ணி, இன்னைக்கு எந்திரிச்சுட்டியா?" என்றார் சூசை மாமா. கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம்.

"மெதுவாப் போங்க மாமா, உள்ள போய் நீங்க தூங்குங்க. குறட்டையில கதவு தானா மூடிக்கிடும்" என்றாள் மாடத்தி.

வரிசை முழுக்கச் சிரித்தது. தெக்லாவின் உதடும் விரிந்தது. விரிந்த பிறகுதான் தான் சிரிக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மாடத்தி அதைப் பார்த்தாள். பார்த்தும், இடுப்பில் முடிந்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து அமலியின் கையில் வைத்தாள். "நனையாம உள்ள போ மக்கா" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அமலி மிட்டாயைப் பிரிக்காமல் கேட்டாள்: "மாடத்தி அத்தை கால் வலியோட ஏம்மா கடைசியா நிக்காங்க?"

அமலிக்கு இப்போது ஏழு வயது. கண்ணில் படும் பலகையையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயது. பிள்ளை தானே பதிலும் சொல்லிக்கொண்டது: "தட்டுன பெறவும் எந்திரிக்கலன்னு சூசை தாத்தா சொன்னாங்க. நீதான தட்டுன? கை வலிக்கத் தட்டுனியாம்மா?"

மறுநாள் ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பில் கட்டளைகளை ஒப்பிக்க வேண்டுமென்று அமலி காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்து நடந்து சொல்லிப் பார்த்தாள். பொய்ச்சாட்சியைப் பற்றிய எட்டாவது கட்டளையில் அவளுக்கு நாக்குப் புரளவில்லை. அம்மாவிடம் வந்து, "நீ ஒரு தடவ சொல்லித் தாம்மா" என்றாள். தெக்லா சொல்லிக்கொடுத்தாள். குரல் நடுங்காமல் சொல்லிக்கொடுக்க முடிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிள்ளையைக் கோயிலில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் சூசை மாமாவைப் பார்த்தாள். அவள் வீட்டுக்குச் சாட்சி அவர்தான்.

"மாமா, அடுத்த சங்கு ஊதுனா அமலிய நீங்க கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருங்க."

"நீ எங்க போற?"

"நான் வருவேன். கொஞ்சம் பிந்தி வருவேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி ஏதோ நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கிக்கொண்டார். "என் பேத்தி மாதிரி கூட்டிட்டுப் போறேன், போ" என்றார்.

காப்பரண் ஒத்திகை இல்லாத நாட்களில் திறந்தே கிடக்கும். அன்றைக்கு அங்கே யாருமில்லை. பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்ததால் தெருவிலும் ஆளில்லை. தெக்லா தகட்டின்மேல் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

தன் பெயரைச் சொன்னாள். போன ஐப்பசியில் சொன்ன ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றாள். எந்த வீடு என்று கதவின் இயந்திரக் குரல் கேட்டது. நான்காம் தளம், மாடத்தி வீடு. என்ன திருத்தம்?

"பார்க்கல" என்றாள். பிறகு எழுத்தில் ஏறும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் மேலே ஏறவில்லை. தட்டவில்லை. பார்க்கவில்லை. அந்த அம்மா என்னைக் காப்பாற்றுவதற்காக, நான் தட்டியதாகச் சொன்னார்கள்."

இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டது கதவு.

"இல்லை."

சாட்சியில்லாத சொல்லுக்கும் ஒரு விதி உண்டு என்று தெக்லா கேள்விப்பட்டிருந்தாள். யாரும் அதைப் பயன்படுத்திக் கண்டதில்லை. அந்த ஏற்ற இறக்கமில்லாத குரல், தனக்கு எதிராகச் சொல்லும் சொல்லுக்குச் சாட்சி தேவையில்லை என்றது. அந்த அம்மா சொன்னது ஒருவரைக் காக்கச் சொன்ன சொல், அதற்குத் தண்டனை கிடையாது, பட்டை இன்று மாலை தானாகக் கழன்றுவிடும் என்றது. தெக்லாவின் சாட்சி வீடு வேறொருவருக்கு மாற்றப்படும், இன்றிலிருந்து மூன்று வருடம் அவள் கடைசியாகத்தான் நுழைய வேண்டும், அவளுடைய சொல் ஏற்கப்படாது என்றும் சொன்னது. கதவோரப் பலகை ஒளிர்ந்தது. அதில் ஒரே ஒரு பெயர் வந்தது. பெரிய எழுத்துகள். ஏழு வயதுப் பிள்ளை சிரமமில்லாமல் வாசிக்கலாம். அமலிக்குத் தானே வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் தெக்லா.

வீட்டுக்கு வந்தவள் தன் தளத்தில் நிற்கவில்லை. நான்காம் தளம்வரை ஏறினாள். மாடத்தி இரவு வேலை முடித்துக் காலையில்தான் வந்திருப்பாள். கதவுக்குப் பின்னால் மின்விசிறியின் சத்தமும், அதற்குள் மெல்லிய குறட்டையும் கேட்டன. பழக்கத்தில் தெக்லாவின் கை தட்டுவதற்காக உயர்ந்தது.

அவள் கையை இறக்கிக்கொண்டாள். கீழே கிடந்த பால் பாக்கெட்டை வெயில் படாதபடி நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினாள்.