பழிதாங்கி

வீட்டை விட்டு இறங்குமுன் ஜெசிந்தா மாடிக் கம்பியில் கட்டிய நாடாவைப் பார்ப்பாள். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதென்று தெரியாமல் தூத்துக்குடித் தெருவில் அவளால் கால் வைக்க முடியாது. கடலிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் அவள் வாசனை மேற்கே பள்ளிக்கூடம் வரை போகும். அங்கே பத்துப் பிள்ளைகளுக்காவது உடம்பு தடித்து மூச்சு முட்டும். அத்தனை பேரும் அவள் மடியில் கிடந்து பிழைத்தவர்கள்.

அரசாங்கம் அவள் வேலைக்குக் காய்ச்சல் துணை என்று பெயர் வைத்தது. ஊர் வைத்த பெயர் பழிதாங்கி. ஊர்தான் எப்போதும் சரியாகப் பெயர் வைக்கும்.

செங்காய்ச்சல் வந்த உடம்புக்குக் கண் மண் தெரியாது. கிருமியோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் யாருடைய வாசனை இருக்கிறதோ, அந்த ஆளையும் எதிரி என்று அதன் நோய்க்காப்பு குறித்துக்கொள்ளும். காய்ச்சல் இறங்கினாலும் அந்தக் குறிப்பு அழியாது. முதல் அலையில் பெற்ற தாயையே தொட முடியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ. சரி, ஆளே வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தனியறையில் போட்டார்கள். பழி போட ஆள் கிடைக்காத நோய்க்காப்பு சொந்த ஈரலையும் நரம்பையும் தின்றது. அதன் பிறகுதான் ஓர் அந்நியரைக் கூலிக்கு உள்ளே அனுப்பும் வழக்கம் வந்தது. உறவுக்காரர் போகக்கூடாது என்பது சட்டம்.

அன்று மத்தியானம் தங்கை ரோஸ்லின் போன் செய்தாள். மகள் மெர்சிக்கு உடம்பு கொதிக்கிறது, காய்ச்சல் மையத்தில் துணைகள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், சாயங்காலம் வரை ஆள் இல்லை என்றாள். ஜெசிந்தா மையத்துக்கு ஓடினாள். எட்டு வயது மெர்சி கண்ணாடி அறைக்குள் சுருண்டு கிடந்தாள். மணிக்கட்டில் கட்டிய காப்புமானி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. முழுச் சிவப்பானால் பழி பிள்ளையின் உடம்பிலேயே விழும்.

ரோஸ்லின் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

"நான் போறேன்க்கா. பெத்தவ போகாம யாரு போவா?"

"கைய எடுட்டி. நாளைக்கு அவளுக்குத் தல சீவிவிட யாரு இருக்கா?"

ரோஸ்லினுக்குப் புருஷன் இல்லை. ஜெசிந்தாவுக்கு யாருமே இல்லை. காற்றைப் பார்க்காமல் அவள் நுழைந்த ஒரே வீடு ரோஸ்லினுடையதுதான்.

"அப்ப நீ?" என்றாள் ரோஸ்லின்.

ஜெசிந்தா அவள் கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். தங்கையை நகர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

இந்த வேலையில் சூட்சுமம் ஒன்றுதான். பட்டும் படாமலும் தொட்டால் பழி முழுதாக இறங்காது. மிச்சம் பிள்ளைக்குள்ளேயே தங்கிவிடும். இறுக அணைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை அவள் வேலையாக அணைத்தாள். இவளை அணைக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொண்டையை அவிழ்த்து மெர்சியின் முகத்தில் பரப்பினாள். கழுத்து வியர்வையில் அந்தச் சின்ன மூக்கை அழுத்தினாள். "பெரியம்மா, வந்துட்டீங்களா" என்று பிள்ளை முனகியது.  ஜெசிந்தா பிடியைத் தளர்த்தவில்லை. மானி சிவப்பின் விளிம்பில் வெகுநேரம் தயங்கி, பிறகு மெல்லப் பச்சைக்கு வந்தது. அவள் கை பட்ட இடமெல்லாம் பிள்ளையின் தோலில் தடிப்புகள் எழும்பின. அவள் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மாதா கோவில் திருவிழாவன்று கடைத்தெருவில் "பெரியம்மா" என்று ஒரு குரல் கேட்டது. எதிர்முனையில் மெர்சி. பகைத்தது உடம்புதான், மனசு பழைய மனசாகவே இருந்தது. ஜெசிந்தா பதறி ஓடத் திரும்பினாள்.

"ஓடாதீங்க பெரியம்மா. நான் பாத்துட்டுத்தான் நிக்கேன். காத்து ஒங்க பக்கந்தான போவுது?"

மெர்சி தலை ரிப்பனை அவிழ்த்துக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். அது ஜெசிந்தாவை நோக்கிப் படபடத்தது. தெரு முழுக்க இடைவெளி விட்டு நின்றபடியே, தன் பல் விழுந்த கதையைப் பிள்ளை சொல்லத் தொடங்கினாள். பாதியில் ரிப்பன் தொய்ந்து தொங்கியது. ஜெசிந்தா திரும்பி வேகமாக நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால் மெர்சி கதையை நிறுத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்திக்கொண்டாள்.