ஏழாவது கோப்பு

கோப்புறையில் இருந்த கோப்புகள் ஆறு; ஓடி முடிந்தவை ஏழு என்றது திரை. மருத்துவமனைப் பதிவேட்டைத் திருத்தும் அந்த நிரல், பெர்ல் என்ற கணினிமொழியில் அவள் எழுதியது. தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் கோப்புறையைத் திறந்து, அங்கே கிடக்கும், பதிவேட்டை மாற்றச் சொல்லும் எஸ்கியூஎல் கோப்புகளை வரிசையாகப் படித்து, அவற்றின் கட்டளைகளை நிறைவேற்றும். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று கேட்காது. குளிரூட்டியின் முனகலும், சூடேறிய கம்பிகளின் ரப்பர் வாடையும், மேல்மாடியில் தள்ளுவண்டி உருளும் கடகடப்பும் நிறைந்த அறையில் மூன்றாம் முறை எண்ணினாள். ஆறுதான்.

கோப்புறையின் கடவுச்சொல் தெரிந்த இன்னொருத்தி, பக்கத்து மேசைக்காரி.

"அக்கா, நீங்க ஏதாவது ஃபைல் போட்டு எடுத்தீங்களா?"

"எனக்கு என் வேலையே தலைக்கு மேல கெடக்கு. பெர்ல் என்ன உன் மாமியாரா, ஒண்ணைக் கூட்டிச் சொல்ல?"

இவள் சிரித்தாள், ஆனால் நம்பவில்லை. பதிவேட்டைத் துருவினாள். அந்த ஆறு கோப்புகளிலும் இல்லாத ஒரு வரி ஏறியிருந்தது. பன்னிரண்டாம் கட்டில்: இறப்பு, மாலை 4.10. அப்போது மணி மூன்றேகால். வார்டுக்குப் போன் செய்தாள்.

"அவரா? உக்காந்து எங்களைக் கலாய்ச்சுக்கிட்டு இருக்காரும்மா" என்றாள் நர்ஸ்.

சரியாக 4.10க்கு அவர் போய்ச்சேர்ந்தார்.

மறுநாள் பதினோராம் கட்டில். அதற்கு மறுநாள் பத்து. ஒன்பதில் இருந்தவன் அவளுடைய தம்பி. குடல்வால் எடுத்த புண் ஆறி, நாளை மறுநாள் வீடு திரும்ப வேண்டியவன்.

"நாளைக்கு நீங்க லீவு போடுங்கக்கா."

"அடிப்பாவி, என்னையே சந்தேகப்படுறியா?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

நிரலை ஓட்டாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒளிந்திருந்து எழுதும் கையைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு கட்டளையும் முதலில் திரையில் தோன்ற வேண்டும்; எண்டர் விசையை அழுத்தினால் மட்டுமே ஓட வேண்டும் என்று மாற்றி எழுதினாள்.

மறுநாள் மூன்று மணி. பக்கத்து மேசை காலி. ஆறு கோப்புகளுக்கும் அழுத்தினாள்.

ஏழாவது வந்தது. கோப்புக்குப் பெயரில்லை. ஒன்பதாம் கட்டில். இறப்பு. 4.10.

விரலை வெடுக்கென்று எடுத்தாள். எண்டரைத் தொடாமல் காத்திருந்தாள்.

4.10. போன் அடித்தது.

"மேல வாங்கம்மா." வார்டு நர்ஸின் குரல். "தம்பிக்கு நாடி இல்ல. மூச்சு இல்ல. ஆனா பேசுறாரு."

"என்ன பேசுறான்?"

"'அழுத்திடுக்கா, வலிக்குது'ன்னு. அதையேதான் சொல்றாரு. இந்தாங்க, அவர்கிட்டயே குடுக்குறேன்."

நிரலை மூடினால் அந்த வரி அழியுமா, ஓடுமா? தெரியாது. ரிசீவரை மேசைமேல் போட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

ரிசீவரிலிருந்து தம்பியின் குரல். அழுத்திடுக்கா. அழுத்திடுக்கா. ஜன்னலில் வெயில் இறங்கியது. குரல் நிற்கவில்லை. இடையில் ஒருமுறைகூட அது மூச்சு வாங்கவில்லை.