ஒரு பூனையின் சாட்சியம்

கோயம்புத்தூர் குடும்ப இணக்க மையத்தின் விசாரணை அறையில், சாட்சி கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சாட்சியின் பெயர் ஜமீன். சாம்பல் நிறம், அகன்ற முகம், வேலை எதுவும் செய்யாமல் சாப்பிடத் தனக்கு உரிமை உண்டு என்ற நினைப்பு. பெயர் அப்படித்தான் வந்தது.

கூடைக்கு இந்தப் பக்கம் தாரிணி, அந்தப் பக்கம் பிரணவ். வீடு அவளுக்கு, கார் அவனுக்கு என்று மற்றதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சண்டை போடுகிறவர்களையாவது சமாதானம் செய்து சேர்த்து வைக்கலாம். இவர்கள் சண்டை போடுவதையே விட்டுவிட்டவர்கள். அவனுக்குக் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை, அவளுக்குப் பகல் முழுக்கக் கட்டட வரைபடம். சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொல்ல என்ன இருந்தது என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. போன பங்குனியில் அவன் சிங்காநல்லூரில் தனி அறை எடுத்துக்கொண்டு போனான். பூனை மட்டும்தான் பாக்கி. அதை விட்டுக்கொடுக்க இருவருமே தயாராக இல்லை.

அந்த மாதிரி வழக்குகளுக்கு இப்போது வக்கீல் தேவையில்லை, மணமானி போதும். பூனைக்குக் குட்டியிலேயே கழுத்தில் கட்டிவிடும் மெல்லிய பட்டை அது; அதன் பதிவுகளை மையத்தில்தான் படிக்க முடியும். பூனைகள் தங்களுக்குள் அதிகம் கத்திக்கொள்வதில்லை. மியாவ் என்பது பெரும்பாலும் நமக்காக அவை வைத்திருக்கும் சத்தம். அவற்றின் உண்மையான பேச்சு கன்னத்திலும் நெற்றியிலும் வால் அடியிலும் ஊறும் மணத்தில் இருக்கிறது. வாலை நிமிர்த்துவது, காதை மடக்குவது, உரசுவது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். மணமானி இவ்வளவையும் படித்துத் தமிழில் எழுதிக் காட்டும். அது வந்தபிறகு, பிரிகிறவர்களின் பூனை யாரை ‘நம்மவர்’ என்கிறதோ அவருக்கே என்று சட்டமும் வந்துவிட்டது.

நடுவர் ஜெபசீலி கூடையைத் திறந்தார். ஜமீன் சோம்பல் முறித்து வெளியே வந்து தாரிணியை நோக்கி நடந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. இத்தனை மாதமாகச் சோறு போட்டவள் அல்லவா? பூனை அவள் காலடியில் நின்று மோந்தது. வாயை லேசாகத் திறந்து, பூனைகளுக்கு அண்ணத்தில் இருக்கும் இரண்டாவது மூக்கால் இன்னொரு முறை மோந்தது. பிறகு காதுகளைப் பின்னுக்கு மடக்கியது.

திரையில் ‘அயலார்’ என்று வந்தது.

பிரணவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினான். ஜமீன் அவனைப் பார்த்துச் சீறியது. திரையில் மறுபடியும் அதே சொல்.

இருவரையும் தெரியாது என்று பூனை சொல்லிவிட்டால் அது அரசுப் பூனையகத்துக்குப் போக வேண்டும். விதி அப்படி. தாரிணி எழுந்து நின்றுவிட்டாள். குட்டியாக வந்த நாள் முதல் தன் கழுத்தடியில் தூங்கிய பூனை அது என்றாள். கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றான் பிரணவ். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் ஒரே கட்சியில் நின்று பேசினார்கள்.

ஜெபசீலி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பேரும் காலைல தலைக்குக் குளிச்சீங்களா?”

குளித்திருந்தார்கள். முக்கியமான காரியத்துக்குப் போகிறவர்கள் வேறு எப்படிப் போவார்கள்? அவள் சீயக்காய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். அவன் சந்தன சோப்பு போட்டுக் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை அணிந்திருந்தான்.

“எல்லாரும் செய்யற தப்புதான். நீங்க சுத்தமா வந்திருக்கீங்க. அதுக்கு உங்களை அடையாளம் தெரியல,” என்றார் ஜெபசீலி.

பிறகு பட்டையின் பழைய பதிவுகளைத் திரையில் ஓட்டிக் காட்டினார். ஜமீனிடம் தாரிணிக்கென்று ஒரு மணப்பெயரோ பிரணவுக்கென்று ஒரு மணப்பெயரோ கிடையவே கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று. இவள் மேல் உரசி எடுத்ததை அவன் மேல் பூசி, அவனுடையதை இவள் மேல் பூசி, தன்னுடையதையும் கலந்து அது தினமும் அரைத்துவைத்த ஒரே வாசனை. அதற்குப் பேர்தான் ‘நம்மவர்’. இவர்கள் பேச்சை நிறுத்திய காலத்தில் அந்த உரசல் பல மடங்கு கூடியிருந்தது. அவன் போன பிறகோ நாளுக்கு நாள் தேய்ந்திருந்தது.

தாரிணிக்கு உடம்பு கூசியது. அவன் வெளியேறிய மறுநாளே திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து, பினாயில் ஊற்றி வீட்டைக் கழுவியவள் அவள்தான். அதன் பிறகு ஜமீன் சுவர் சுவராகக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு அலைந்ததை ஏதோ சொறி என்று நினைத்து மருந்து போட்டிருந்தாள்.

நடுவர் இரக்கப்பட்டு இன்னொரு தேதி கொடுத்தார். வாகன நிறுத்தத்தில் தாரிணி தயங்கி நின்றாள். வழக்கு போட்ட பிறகு அவனிடம் நேராகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

“நம்ம வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போனது ஏதாச்சும் துவைக்காம இருக்கா?”

பிரணவ் கார் கதவைப் பிடித்தபடி வெட்கத்தோடு சொன்னான். “போர்வை இருக்குது. இன்னும் துவைக்கல.”

எத்தனையோ சண்டைக்குக் காரணமான அவனுடைய அந்த அழுக்குப் பழக்கம் அன்றைக்குத்தான் முதன்முதலாக உபயோகப்பட்டது. போர்வையை இரண்டாகக் கிழித்துக்கொண்டார்கள். அவள் உடுத்திய புடவை அவன் அறைக்குப் போயிற்று, அவன் வியர்வைச் சட்டை அவள் நாற்காலிக்கு வந்தது. அடுத்த விசாரணைக்கு இருவரும் குளிக்காமல், கசங்கிய துணியில் வந்தார்கள். அலுவலக உதவியாளர் ஜன்னலைத் திறந்துவைத்தார். ஜமீன் வாலைக் கம்பம்போல் நிமிர்த்திக்கொண்டு வந்து அவளை உரசி, அவனை உரசி, திரும்பவும் அவளிடம் போயிற்று. திரை முழுக்க ‘நம்மவர்’.

ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று தீர்ப்பாயிற்று. பட்டையின் வரிகள் இருவர் கைப்பேசிக்கும் போகும். விவாகரத்தும் அன்றைக்கே கையெழுத்தானது.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம் பிரணவ் வாசலில் கூடையை வைத்து, மணியடித்துவிட்டுப் போய்விட்டான். எப்போதும் அப்படித்தான். ஜமீன் கூடையிலிருந்து வந்து தாரிணியின் காலை உரசியது. அவள் அதைத் தூக்கினாள். அதன் கன்னத்தில் டீயும் பழைய போர்வையும் கலந்த அவன் வாசனை இருந்தது. என்ன நினைத்தாளோ, தன் கன்னத்தை அதில் வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. ‘நம்மவர்’ என்று ஒரு வரி இருந்தது. அது ஜமீன் வந்தவுடன் சொன்னது. அதற்குக் கீழே, ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’

தாரிணி பூனையைப் பார்த்தாள். அது தட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பூனைகள் உரசிக்கொண்டால் இரண்டின் பேச்சையும் படிப்பதற்காகச் செய்த கருவி அது. கன்னத்தை வைப்பது பூனையா மனுஷியா என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்நேரம் பிரணவுக்கும் போயிருக்கும். அழிக்க வழி தேடினாள். மணமானியில் அதற்கு வழியே இல்லை. பூசிய மணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் பூனைகளுக்குக் கிடையாது.

தேடும்போது பழைய வரிகள் கண்ணில் பட்டன. ஜமீன் அவனிடம் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு வரிகள் வந்திருந்தன. முதலில் ‘நம்மவர்’. சிறிது நேரம் கழித்து, ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ பூனைக்கு அவன்மேல் எவ்வளவு பாசம் என்று அவள் அதைப் படித்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

கைப்பேசி அடித்தது. பிரணவ்தான்.

“தாரு, இப்ப வந்துச்சே ரெண்டு வரி. அது ஜமீன் சொன்னதா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

“ஜமீன் அங்க வர்ற ஒவ்வொரு தடவையும் உன் பக்கத்துல இருந்து வருதே. அதெல்லாம் யார் சொன்னது?” என்று கேட்டாள்.

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

“முதல் வரி ஜமீன்,” என்றான் பிரணவ்.