மூச்சு விடாமல் பேசுகிறவள்

காலை எட்டு மணி. மனித உத்தரவு இல்லாமல் எந்த இயந்திரமும் சுடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் நண்பகலில் கையெழுத்திட இருந்தன. அதற்குள் இந்தத் தரப்பின் தலைமைப் பேச்சாளரின் நல்ல பெயர் களவு போய்விட்டது.

விடிந்ததும் எதிர்த்தரப்பினர் கைப்பேசிகளுக்கெல்லாம் ஓர் ஒலிப்பதிவு வந்திருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தட்டுச் சத்தத்தின் நடுவே, பேச்சாளர் கணவனிடம் பேசும் குரல்.

"கையெழுத்துப் போட்டுடுவோம். ஆனா இயந்திரங்களை நிறுத்தப் போறதில்ல. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

பாதுகாப்பு அதிகாரி அதை இரண்டு முறை கேட்டாள். உள்ளூர ஒரு குளிர்ச்சி. பேச்சாளர் அவள் தம்பி மனைவி. அம்மா வாயைத் திறந்தால் மருமகள் புராணம்தான்; பெற்ற மகள் ஒருத்தி இருப்பதே மறந்து போயிற்று. பொறாமையா என்றால், ஆமாம், வயிறெரியும் பொறாமை. மேலதிகாரியிடம் உறவைச் சொன்னாள். மாற்று ஆள் வர மாலையாகும், நீயே பார் என்றுவிட்டார்.

ஆனால் பதிவு நிஜமென்றால், அதை வெளியே விட்டவன் தம்பி. அந்த நினைப்பில் குளிர்ச்சி அடங்கிவிட்டது.

தம்பியை அழைத்தாள்.

"நீ பதிவு பண்ணினியா?"

"என்னக்கா பேசறே? இன்னாரோட புருஷன்னுதான் ஊருல என்னைத் தெரியுது. கடுப்பு இருக்கு, இல்லேங்கல. அதுக்காக அவளைக் கவுப்பேனா?"

இயந்திரம் செய்த குரலா என்று சொல்ல ஆய்வுக்கூடம் இரண்டு நாள் கேட்டது. எதிர்த்தரப்போ பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணி. பேச்சுவார்த்தை அறை வாசலில் வழக்கமான கூடை. கைப்பேசி, கைக்கடிகாரம் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும், தன் சொற்களைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி அனுமதி. சாயங்காலம் அதிகாரியின் கண்முன் அழித்துவிட்டுப் போவார்.

"பாவம், அந்தம்மா குரல் வெளியில கொட்டிக் கிடக்குதே," என்றார் மொழிபெயர்ப்பாளர். "மேடைப் பேச்சை வெச்சு யாரும் பண்ணலாம்."

அதிகாரி பேச்சாளரின் மேடைப் பேச்சு ஒன்றைக் கேட்டாள். தம்பி முன்பு அனுப்பிய வீட்டுப் பிறந்தநாள் வீடியோவையும் பார்த்தாள். பிறகு இரு தரப்பையும் அறைக்குள் உட்காரச் சொன்னாள்.

"இது மேடை. இது வீடு. ரெண்டுலயும் மூச்சு விடாமப் பேசறாங்க. இப்ப அந்தப் பதிவு. ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் நிக்கறாங்க. எதுக்கு?"

பதிவை மறுபடி ஓட்டிக் காட்டினாள்.

"மொழிபெயர்க்க இடம் விடறாங்க. புருஷன்கிட்டப் பேச மொழிபெயர்ப்பாளர் எதுக்கு? இந்த அறையில மட்டும்தான் இவங்க நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. இங்க பேசினதைக் கேட்டுத்தான் இயந்திரம் பழகியிருக்கு. இங்க பதிவு பண்ற கருவி ஒண்ணே ஒண்ணு."

மொழிபெயர்ப்பாளர் வெளுத்துப் போனார். "தினமும் உங்க முன்னாலதானே அழிச்சேன்?"

"சாயங்காலம் அழிச்சீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவியோட உங்க அறைக்குப் போவீங்களே, அதை நானும் பெரிசா நினைக்கல. உங்க மடிக்கணினியை எங்க ஆளுங்க இப்பத்தான் எடுத்தாங்க. பதிவுகளோட பிரதி எல்லாம் அதுல இருக்கு."

அவர் பேச்சாளரைப் பார்த்தார். "போன வருஷம் எல்லைத் தகராறுல நீங்க சுடுசொல் சொன்னீங்க. நான்தான் பதமா மாத்திச் சொன்னேன். போர் நின்னுச்சு. பத்திரிகையில உங்க படம். என் பேரு ஒரு மூலையிலாவது வந்துச்சா?"

அவரை அழைத்துப் போனார்கள். அந்த ஆளின் கண்ணில் இருந்ததை அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்த்ததுதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நண்பகலில் கையெழுத்தானது. பேச்சாளர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எப்படி அண்ணி, ஆய்வுக்கூடத்துக்கே தெரியலையே, நான் செத்தே போயிட்டேன், அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு..."

"வீட்டுல என்னைக்காவது என்னைப் பேச விட்டிருக்கியா நீ? அதான் தெரிஞ்சுது."

பேச்சாளர் சட்டென்று வாயை மூடினாள். சிரிக்கவில்லை. அண்ணி பேசட்டும் என்று காத்திருந்தாள். இத்தனை வருஷமும் கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது அதிகாரியிடம் ஏராளம்.

"சாப்பிட்டியா?" என்பதுதான் வந்தது.