ஊதித் திறந்த கவர்

“வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சல் இருந்துதா?”னு டாக்டரம்மா கேட்டாங்க.

“இல்லீங்க டாக்டர்”னு அப்பா சொல்லிட்டாரு.

இருந்துது. எனக்குத்தான் இருந்துது. யாருக்கும் தெரியாம மாத்திரையைப் போட்டுக்கிட்டு, மூணு நாள் மறைச்சுட்டேன்.

அம்மா சக்கர நாற்காலியில உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டிருந்தாங்க. வயித்துல ஏழு மாசப் பாப்பா. நேத்து ராத்திரிதான் காய்ச்சல் ஆரம்பிச்சுது.

சொன்னா அப்பா திட்டுவாரு. சொல்லலைன்னா? அம்மா மறுபடியும் இருமினாங்க.

“எனக்கு இருந்துது டாக்டர்! புதன்கிழமையிலேர்ந்து!”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க! “ஏன்டி வாலு, சொல்றதுக்கென்ன?”

“வெள்ளிக்கிழமை ஓட்டப்பந்தயம்ப்பா. விட மாட்டீங்களே.”

“அதுல அக்கா நாலாவதுதான்”னு தம்பி போட்டுக் குடுத்தான். அவனுக்கு ஆறு வயசு. எதை எப்போ சொல்றதுன்னே தெரியாது.

டாக்டரம்மா சிரிக்கலை. “அம்மா பக்கத்துல ரொம்ப நேரம் இருந்தியா?”

எங்களுக்குச் சின்னதா ஒரு பேக்கரி. பன் போடுற காகிதக் கவர் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டே இருக்கும். வாய்கிட்ட வச்சு ‘ஃபூ’னு ஊதினாத்தான் திறக்கும். எங்க கடையில எல்லாருக்கும் அதே பழக்கம். நான்தான் ரொம்ப வேகம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் ஊதி ஊதிக் குடுப்பேன், அம்மா பக்கத்துல நின்னு பன்னைப் போடுவாங்க. அந்த மூணு நாளும் அப்படித்தான்.

எல்லாத்தையும் சொன்னேன். அம்மா பக்கம் திரும்பவே முடியலை.

“பன்றிக் காய்ச்சலா இருக்கலாம். டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம்”னு சொல்லிட்டு, டாக்டரம்மா எங்க நாலு பேருக்கும் முகக்கவசம் குடுத்தாங்க.

“எங்க வீட்டுக்குப் பன்னியே வந்ததில்லையே!”ன்னான் தம்பி.

இப்பதான் சிரிச்சாங்க. “இது மனுஷங்ககிட்டேர்ந்துதான்டா வருது. இருமினா, தும்மினா பொடிப்பொடியா எச்சில் துளி பறக்கும். அது விழுந்த இடத்தைத் தொட்டுட்டு மூக்கைத் தொட்டாலும் வந்துடும்.”

“செத்துப் போயிடுவாங்களா?” கேட்டது நான்தான்.

“முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வாரத்துல சரியாயிடும். சிலருக்கு நுரையீரல்ல இறங்கிடும். அப்போதான் ஆபத்து. வயித்துல பாப்பா இருந்தா இன்னும் கவனமா இருக்கணும். முதல் ரெண்டு நாள்ல மருந்து குடுத்தா நல்லா கேக்கும். உங்கம்மாவுக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகலையே.”

அம்மாவை அட்மிட் பண்ணி உள்ளே கூட்டிட்டுப் போனாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய அட்டையில எழுதினேன்: ‘கடை ஒரு வாரம் லீவு. புதன்கிழமையிலேர்ந்து எங்ககிட்ட பன் வாங்கினவங்க யாருக்காவது காய்ச்சல் வந்தா, உடனே டாக்டரைப் பாருங்க. ப்ளீஸ். இப்படிக்கு, கவர் ஊதின பொண்ணு.’

அப்பா ரெண்டு தடவை படிச்சாரு. பசையை எடுத்துக்கிட்டுப் போய் ஷட்டர்ல ஒட்டிட்டு, மிச்சம் இருந்த கவரையெல்லாம் குப்பையில போட்டாரு.

சாயங்காலம் டெஸ்ட் முடிவு வந்துது. பன்றிக் காய்ச்சலேதான். ஆனா ராத்திரி அம்மாவே போன் பண்ணினாங்க. மூச்சு கொஞ்சம் பரவாயில்லையாம்.

“பாப்பா ஒரே உதை. உன்னை மாதிரி ஓட்டக்காரி போல.”

“அம்மா, என்னாலதானேம்மா?”

அம்மா ஒரு தடவை இருமிக்கிட்டாங்க.

“கடைக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க கண்ணு. யார்கிட்டேர்ந்து வந்துதுன்னு யாரு கண்டா? போய்த் தூங்கு.”

தம்பி எப்பவோ தூங்கிட்டான். நான் விட்டத்தையே பார்த்துக்கிட்டிருக்கேன்.

அம்மாவுக்கு நெஜமாவே தெரியாதா, இல்ல எனக்காகத்தான் அப்படிச் சொன்னாங்களா?